காக்கிச் சட்டைக்குள் ஒரு முழங்கை

யேசுதாசுக்கு வலது முழங்கை நிமிராது. சும்மா நின்றால் யாருக்கும் தெரியாது. ஓடினால் தெரிந்துவிடும். இடது கை காற்றை வெட்டிக்கொண்டு ஒழுங்காகப் போகும், வலது கை மட்டும் கோழி றெக்கை மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சின்ன வயசில் அவனைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. அப்படிக் கிண்டல் பண்ணினவர்கள் ஒருத்தராலும் ஓட்டத்தில் அவனைப் பிடிக்க முடிந்ததும் கிடையாது.

திருப்பருத்திக்குன்றத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரைக் காலனியில் வீடு. வேலை, காஞ்சிபுரத்தில் வேலாயுதத்தின் சாயப்பட்டறையில். பட்டு நூலைக் குச்சியில் மாட்டி, கொதிக்கிற சாயத்தில் முக்கி முக்கித் திருப்ப வேண்டும். சூடு முகத்தில் அடிக்கும். பதினொரு வயசிலிருந்து அதே வேலை. அரக்குச் சாயம் ஏறி ஏறி மணிக்கட்டு வரைக்கும் கையின் நிறமே வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்துக்குக் கைகூப்பினால், பக்கத்தில் நிற்கிற குழந்தை அந்தக் கையைத்தான் பார்க்கும்.

நல்ல உழைப்பாளி. குடி கிடையாது. அடுத்தவன் சோற்றுக்கு ஆசைப்பட்டதில்லை. ஆனால் பொறாமை உண்டு. ஊரில் எல்லார் மேலும் இல்லை, ஒரே ஒருத்தன் மேல். ஸ்ரீபாலன் மேல்.

ஸ்ரீபாலன் நயினார் வீட்டுப் பிள்ளை. அந்தப் பக்கத்துச் சமணக் குடும்பங்களை நயினார் என்றுதான் சொல்வார்கள். நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகிற நிலம், மாடு, கிணறு எல்லாம் இருந்தது. யேசுதாசின் அப்பன் குப்புசாமி உழுதது அந்த நிலத்தைத்தான். ரெண்டு பையன்களுக்கும் ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அஞ்சாவது முடித்ததும் ஸ்ரீபாலன் சைக்கிளில் பெரிய பள்ளிக்கூடம் போனான். யேசுதாஸ் சாயக் கொப்பரைக்கு வந்தான்.

எதற்கெல்லாம் பொறாமைப்படலாம் என்று ஒரு கணக்கே கிடையாது. ஸ்ரீபாலனுக்குத் தலைமுடி படியும், இவனுக்கு எண்ணெய் எவ்வளவு தேய்த்தாலும் சிலிர்த்துக்கொள்ளும். ஸ்ரீபாலன் சட்டைக்குக் கைமடிப்பு நிற்கும், இவனுக்குக் கழன்று விழும். நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூட நாடகத்தில் ஸ்ரீபாலன் ராஜா. ஏன் ராஜா? வீட்டில் பட்டு வேட்டி இருந்தது, அதனால் ராஜா. யேசுதாஸ் வாயில் காப்போன். "மன்னா, புலவர் வந்திருக்கிறார்." அவ்வளவுதான் அவன் பேச்சு. இருபது வருஷம் கழித்தும் அந்த ஒரு வரி மறக்கவில்லை. ராஜா பேசின வரி அத்தனையும்கூட மறக்கவில்லை. அன்றைக்கே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான், ராஜாவுக்குக் காய்ச்சல் வந்தால் உதவும் என்று. காய்ச்சல் வரவில்லை.

இதில் பெரிய பேஜார் என்னவென்றால் ஸ்ரீபாலன் நல்லவன். கெட்டவனாக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டி வயிற்றெரிச்சலைத் தணித்துக்கொள்ளலாம். எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "எங்கடா யேசு, ஆளையே காணோம்?" என்று தோளில் கை போடுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

முழங்கை விஷயத்துக்கு வருவோம். யேசுதாசுக்கு ஒன்பது வயசு அப்போது. டவுனில் ஒரு வியாபாரி வீட்டில் வெள்ளிச் செம்பு காணோம். போன வாரம் அங்கே சுண்ணாம்பு அடிக்கப் போனவன் குப்புசாமி. அது போதுமே. காலையில் ரெண்டு போலீஸ் வந்து கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பையன் அப்பன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. விடச் சொல்லிப் பார்த்தார்கள். அப்புறம் லத்தி பேசியது. மூணாம் நாள் செம்பு அந்த வீட்டு நெல் குதிருக்குள்ளேயே கிடைத்தது. குப்புசாமியை அனுப்பிவிட்டார்கள். 'தப்பாப் போச்சுப்பா' என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், பதினொரு வாரம். பத்தையைப் பிரித்தபோது கை வளைந்தே நின்றது.

அதற்குப் பிறகும் எங்கே எது காணாமல் போனாலும் குப்புசாமியைத்தான் கூப்பிடுவார்கள். செத்துப் போகிற வருஷம் வரைக்கும் கூப்பிட்டார்கள்.

குப்புசாமி பெண்டாட்டி பட்டம்மாளுக்கு அதிலிருந்து ஒரே ஆசை. மகன் காக்கிச் சட்டை போடணும். "அந்தச் சட்டையப் போட்டுக்கினு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீ நம்ம தெருவுல நடந்து வந்துடு. அப்புறம் நான் செத்தாலும் பரவால்ல" என்பாள். யேசுதாசும் இருபது வயசில் செங்கல்பட்டில் போலீசுக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனான். உயரம் சரி. மார்பு சரி. ஓட்டத்தில் முதல் ஆள். கடைசியில் ஒருத்தர் "ரெண்டு கையும் நேரா நீட்டு" என்றார். ஒரு கைதான் நீண்டது. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பட்டம்மாள் அழவில்லை. "ஒடச்சவனே, ஒடஞ்சிருக்குதுன்னு வேணாம்னுட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போனது. எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், மெட்ராசில் சினிமாப் படிப்பு படிக்கிற ஒருத்தன் ஒரு பழைய வேனில் கேமராவைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். ராஜகோபால் என்று பேர். தடிச்ச கண்ணாடி, விரலிடுக்கில் சிகரெட். படிப்பு முடிக்க ஒரு குட்டிப் படம் எடுத்துக் காட்டணுமாம். இருபது நிமிஷப் படம். ஒரு குற்றக் கதை. கல்யாண வீட்டில் கூறைப் புடவை காணாமல் போகிறது. திருடன் ஓடுகிறான், இன்ஸ்பெக்டர் துரத்துகிறார், ஆற்று மணலில் பிடிக்கிறார். 'காணாமல் போன கூறை' என்று பேர்கூட வைத்துவிட்டான்.

சமணக் கோயில் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஆள் பொறுக்கினான். சும்மா சொல்லக் கூடாது, அவன் பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

"சினிமால பாத்தா எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு. இந்த ஊர்ல எத்தனை விதமான ஜனங்க! தெலுங்கு பேசற நெசவாளி இருக்கார், பாய் இருக்கார், ஜெயின் இருக்கார், கிறிஸ்டியன் இருக்கார். என் படத்துல எல்லாரும் இருக்கணும். ஒருத்தரும் விட்டுப் போகக் கூடாது."

டீக்கடையே தலையாட்டியது. தெலுங்கு பேசுகிற கைலாசம் கல்யாண வீட்டுக்காரர் ஆனார். அத்தர் விற்கிற பாய் சாட்சி சொல்கிறவர் ஆனார். அப்போது சைக்கிளை நிறுத்திவிட்டு ஸ்ரீபாலன் உள்ளே வந்தான். ராஜகோபால் எழுந்தே நின்றுவிட்டான்.

"சார், நீங்கதான் என் இன்ஸ்பெக்டர்!"

"நானா? எனக்கு அதெல்லாம் வராதே" என்று ஸ்ரீபாலன் சிரித்தான்.

"வரும் சார். நீங்க நின்னா போதும்."

யேசுதாஸ் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ராஜகோபால் கண் அவன் மேல் விழுந்தது. புருவத்து வெட்டுத் தழும்பு, சிலிர்த்த முடி, அரக்கேறின கை, எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தான்.

"உங்க பேர் என்ன?"

"யேசுதாஸ் சார்."

"வெரி குட். திருடன்."

டீக்கடையே சிரித்தது. யேசுதாசும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் இன்னும் சிரிப்பார்கள் என்று தெரியும். டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனான்.

"சார், நான் நல்லா ஓடுவேன் சார்."

"அதான் வேணும். திருடன் ஓடணும்ல?"

"இல்ல சார். தொரத்தற பக்கம் இன்னும் நல்லா ஓடுவேன்."

ராஜகோபால் சிகரெட்டைத் தட்டினான். "பாக்கறவங்க நம்பணும் இல்லியா? ஆபீசருக்குன்னு ஒரு முகம் இருக்குப்பா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும்தானே படத்துல இருக்கோம்?"

இருக்கிறோம்தான். பந்தியில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, ஒருத்தனை மட்டும் எச்சில் இலை எடுக்க நிறுத்தினால் அவனும் பந்தியில் இருக்கிறவன்தான். யேசுதாஸ் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உள்ளே கொப்பரை கொதிக்கிற மாதிரி கொதித்தது.

வீட்டில் பட்டம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சினிமால நடிக்கறியாமே? தெருவே பேசுது. இன்னா வேசம்?"

யேசுதாஸ் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான்.

"இன்னாடா வேசம்?"

"திருடன்."

முறம் நின்றது. "உங்கப்பன் வேசம் கட்டாமயே அத ஆடிட்டுப் போயிட்டான். நீ வேற தனியா பவுடர் பூசிக்கினு ஆடணுமா? நயினாரு புள்ளைக்கு இன்னா?"

"இன்ஸ்பெக்டர்."

"அப்டிச் சொல்லு." மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். "நான் வந்து பாக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

நடிக்க மாட்டேன் என்று யேசுதாஸ் சொல்லியிருக்கலாம். விடிய விடிய யோசித்தான். தான் இல்லையென்றால் படம் நிற்கப் போவதில்லை, காலனியிலிருந்து வேறு எவனையாவது இழுத்துப் போவார்கள். திரையில் ஸ்ரீபாலன் மட்டும் நிற்பான், தான் கீழே உட்கார்ந்து பார்க்கணும். அதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் நின்றான்.

மூணு நாள் எடுத்தார்கள். முதல் ரெண்டு நாளும் கைலாசம் வீட்டுக்குள்ளே. பெட்டியைத் திறப்பது, புடவையை எடுப்பது, திரும்பிப் பார்ப்பது. "கண்ணை உருட்டுங்க, இன்னும் உருட்டுங்க" என்றான் ராஜகோபால். யேசுதாஸ் உருட்டினான்.

மூணாம் நாள் ஆற்று மணல். அன்றைக்குத்தான் காக்கிச் சட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. மெட்ராசில் வாடகைக்கு எடுத்தது, ஒரே ஒரு செட்டு. அரைக்கைச் சட்டை, பெல்ட்டு, தொப்பி. ஸ்ரீபாலன் போட்டுக்கொண்டு வந்து நின்றான். வேடிக்கை பார்க்க வந்த ஜனம் சலாம் வைத்தது. வேலாயுதம் பட்டறையை மூடிவிட்டு வந்திருந்தார். "கலெக்டரே வந்த மாதிரி இருக்குதுபா!" என்றார்.

"யேசு, நல்லா இருக்குதாடா?" என்று ஸ்ரீபாலன் இவனைத்தான் கேட்டான்.

"தோள்ல கொஞ்சம் தொங்குது" என்றான் யேசுதாஸ். சொன்னபோது ஒரு சின்ன சந்தோஷம். அதுவும் நிலைக்கவில்லை. "ஆமால்ல?" என்று ஸ்ரீபாலன் ஒத்துக்கொண்டுவிட்டான்.

முதலில் திருடன் ஓட்டம். புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் ஒரே ஓட்டம். ஒரே தடவையில் சரி என்றான் ராஜகோபால். அடுத்தது இன்ஸ்பெக்டர் ஓட்டம்.

ஸ்ரீபாலன் ஓடினான். இருபது அடி ஓடியிருப்பான். சடக்கென்று நின்று, ஒரு காலைத் தூக்கி, பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்து, மறுபடி ஓடினான்.

"கட்! என்ன சார் ஆச்சு?"

"எறும்பு சார்."

"என்ன எறும்பு?"

"கட்டெறும்பு. சாரை சாரையாப் போவுது. மிதிச்சிடப் போறேன்."

ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இடத்தை மாற்றினார்கள். காய்ந்த ஆற்றில் எங்கே போனாலும் எறும்புதான். ரெண்டாவது தடவை ஸ்ரீபாலன் நிற்கவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டே ஓடினான், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி. மூணாவது தடவை அண்ணாந்து ஓடப் பார்த்து, மனசு கேட்காமல் கீழே பார்த்து, தடுக்கி விழுந்தான். வேண்டுமென்று பண்ணவில்லை. அவன் அம்மா மதனவதி அவனை நடை பழக்கினதே அப்படித்தான், தரையைப் பார்த்துப் பார்த்து. அந்தக் கால் முப்பது வருஷமாக ஒரு ஜீவனை அறிந்து மிதித்ததில்லை.

"சார், கொலைகாரன் ஓடினாக்கூட எறும்பத்தான் பாப்பீங்களா?" ராஜகோபாலுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஃபிலிம் தீந்துக்கிட்டே இருக்கு சார்!"

"கொலைகாரன் பண்ண தப்புக்கு எறும்பு இன்னா சார் பண்ணும்?"

ஜனம் சிரித்தது. யேசுதாஸ் சிரிக்கவில்லை. காக்கிச் சட்டை கிடைத்தவன் எறும்பு பார்த்துக்கொண்டு நிற்கிறானே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'எனக்குக் கிடைத்திருந்தால்' என்று நினைத்தான். நினைத்து முடிக்கிறதுக்குள் ஸ்ரீபாலன் வாயைத் திறந்தான்.

"சார், நம்ம யேசு நல்லா ஓடுவான். ஓடறதுக்கு மட்டும் அவன் போட்டுக்கட்டுமே?"

ராஜகோபால் வெயிலைப் பார்த்தான். பொழுது சாய ஆரம்பித்திருந்தது. இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டாகணும் என்று ஸ்ரீபாலன் வேறு ரெண்டு தடவை சொல்லிவிட்டான். பொழுது இறங்கினால் அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது.

"பின்னாடியிருந்து எடுத்தா தெரியாது" என்றான் ராஜகோபால். "முதுகு மட்டும். சரி, மாத்திக்கோங்க."

கருவேல மறைவில் மாற்றிக்கொண்டார்கள். சட்டை இன்னும் ஸ்ரீபாலன் உடம்புச் சூடாக இருந்தது. யேசுதாஸ் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டான். பெல்ட்டை இழுத்துக் கட்டினான். தோள் தொங்கவில்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கேட்டுத்தான் கிடைத்தது, அதுவும் இவன் கேட்கவில்லை, அவன் கேட்டான். அந்த நினைப்பு முள் மாதிரி குத்தியது. இருந்தாலும் காக்கி காக்கிதான்.

வெளியே வந்ததும் ராஜகோபால், "கழுத்து கறுப்பா இருக்கே, கைகூட. பவுடர் போடுங்கப்பா" என்றான். கூட வந்த ஆள் பிடரியிலும் ரெண்டு கையிலும் பவுடரைக் கொட்டித் தேய்த்தான். சாயம் ஏறின கைக்கு மட்டும் ரெண்டு டப்பா ஆனது.

"ஒண்ணே ஒண்ணு. மூஞ்சிய மட்டும் திருப்பிடாதீங்க."

ஓடினான். எதிரே யாரும் இல்லை. மணல்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திருடனாக ஓடின காலடித் தடம் மட்டும் வரிசையாகக் கிடந்தது. அவன் காலடியேதான். அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன என்று கழுத்து துடித்தது. திரும்பினால் அந்த ஃபிலிமை வெட்டித் தூரப் போட்டுவிடுவார்கள், முதுகும் இல்லாமல் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

"பிரமாதம்!" என்று ராஜகோபால் குதித்தான். "ஆனா அந்தக் கைய ஏன் அப்படி வெச்சுக்கிட்டு ஓடறீங்க?"

"அது அப்டித்தான் சார்."

"பரவால்ல. துப்பாக்கி எடுக்கப் போற மாதிரி இருக்கு."

மறுபடி மாற்றிக்கொண்டார்கள். கடைசியாக இன்ஸ்பெக்டர் திருடனைப் பிடிக்கிற காட்சி. ஸ்ரீபாலன் முகம் தெரிய, யேசுதாசின் சட்டைக் காலரைப் பிடித்தான். பிடித்த உடனே காதோரம், "வலிக்குதாடா?" என்றான். அதனால் அதையும் ரெண்டு தடவை எடுக்க வேண்டியதாகப் போனது.

போகும்போது ராஜகோபால் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "முதுகு விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். வெளிய சொன்னா படம் பாக்கற சுவாரசியம் போயிடும்" என்று கேட்டுக்கொண்டான். ஸ்ரீபாலன் சரி என்று வாக்குக் கொடுத்தான். வேடிக்கை பார்த்த ஜனம் எறும்புக் கூத்து முடிந்ததும் பாதிக்கு மேல் கலைந்து போயிருந்தது. இருந்தவர்களும் கருவேல மறைவிலிருந்து யார் வந்தார்கள், யார் ஓடினார்கள் என்று பார்க்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் காக்கி காக்கியாகத்தான் தெரியும்.

யேசுதாசுக்குத்தான் அது உள்ளே நிற்கவில்லை. ஒரு நாள் பட்டறையில் வேலாயுதத்திடம் சொல்லிப் பார்த்தான்.

"மொதலாளி, அந்தப் படத்துல போலீசு ஓட்டம் இருக்குதில்ல, அது நான்தான்."

வேலாயுதம் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். "ஆமாம்பா. திருடனும் நீதான், போலீசும் நீதான், கேமரா புடிச்சதும் நீதான். நூலத் திருப்பு, கருகிடப் போவுது."

அதோடு வாயை மூடிக்கொண்டான். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்புவாள், பெத்தவள் ஆச்சே. ஆனால் சொல்லி நம்ப வைக்கிறது அவனுக்கு வேண்டாம். அவளாகப் பார்க்கணும். ஸ்ரீபாலனைக் கூப்பிட்டு, 'நீயே வந்து எங்கம்மாகிட்ட சொல்லுபா' என்று கேட்கலாம். செத்தாலும் கேட்க மாட்டான். சட்டையும் அவன் சொல்லித்தான் கிடைத்தது, பேரும் அவன் சொல்லித்தான் வரணுமா?

ஐப்பசியில் சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் தியேட்டரில் ஊர்க்காரர்களுக்காக ஒரு முறை போட்டுக் காட்டுகிறார்கள். யேசுதாஸ் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. அம்மா முன்னால் உட்கார்ந்தான்.

"வாம்மா."

"திருடனப் பாக்கவா? நான் நெறையப் பாத்துட்டேன்."

"ஒரு தபா வாம்மா. எனக்காவ."

அவன் இப்படிக் கேட்டதில்லை. பட்டம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

தியேட்டர் நிறைந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பட்டம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். யேசுதாஸ் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் அவள் தலை இருக்கிற இடத்தையே பார்த்தான்.

பேர் போட்டார்கள். 'இன்ஸ்பெக்டர் – ஸ்ரீபாலன்.' விசில். கடைசியில், கல்யாண வீட்டுக்காரருக்கும் சாட்சிக்கும் கீழே, 'திருடன் – யேசுதாஸ்.' காலனிப் பையன்கள் மட்டும் கத்தினார்கள். கண்ணை உருட்டின இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பட்டம்மாள் தலை குனிந்துகொண்டது.

ஓட்டம் வந்தது. திருடன் முகம், பெரிசாக, மூச்சிரைக்க. அடுத்தது காக்கி முதுகு. மணல் தெறிக்கிறது. மறுபடி திருடன். மறுபடி முதுகு.

"நயினாரு புள்ள இன்னா ஓட்டம் ஓடறான் பார்யா!" வேலாயுதம் குரல்தான். "காலா இது? சக்கரம்!"

கை தட்டினார்கள். யேசுதாசுக்கு எழுந்து கத்தணும் போல இருந்தது. அவன் ஓட்டத்துக்கு, அவன் மூச்சுக்கு, அவன் முதுகுக்கு ஊரே ஸ்ரீபாலன் பேரைச் சொல்லிக் கை தட்டுகிறது. பட்டம்மாள் தலை இன்னும் நிமிரவில்லை. இன்னும் ஒரு தடவைதான் அந்த முதுகு வரும்.

கைதட்டல் சத்தத்துக்குப் பட்டம்மாள் தலையைத் தூக்கினாள். முதுகு ஓடிக்கொண்டிருந்தது. இடது கை ஒழுங்காகப் போனது. வலது கை கோழி றெக்கை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

"ஐயோ, அது எம்புள்ள!"

தியேட்டர் திரும்பிப் பார்த்தது.

"உக்காரும்மா. உம்புள்ள முன்னாடி ஓடறான். இது போலீசு."

"போலீசத்தான்டா சொல்றேன்!" எழுந்து நின்றுவிட்டாள். "அந்த மொழங்கைய பதினோரு வாரம் மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்தவடா நான்! எனக்கா தெரியாது? யேசு, எங்கடா இருக்கற? அது நீதான?"

யேசுதாஸ் எழப் போனான். அதற்குள் முன் வரிசையில் ஒருத்தன் எழுந்தான். ஸ்ரீபாலன். திரை வெளிச்சம் அவன் மூஞ்சியில் விழுந்தது, அழகாகத்தான் விழுந்தது.

"பட்டம்மா சொல்றது நெசம்தான். ஓடறது யேசு. டைரக்டர் சொல்ல வேணாம்னாரு, அதான் சொல்லல. எனக்கு எறும்பு குறுக்க வந்துச்சு, ஓட முடியல."

அப்புறம் தியேட்டர் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. "எறும்பு இன்ஸ்பெக்டர்! எறும்பு இன்ஸ்பெக்டர்!" கை தட்டல், விசில். திரையில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று, நின்றபடியே பார்த்த பட்டம்மாளைத் தவிர ஒருத்தரும் பார்க்கவில்லை. படம் முடிந்து வெளியே வந்தும் ஸ்ரீபாலனைச் சுற்றித்தான் கூட்டம். "மனுசன்னா இப்டி இருக்கணும்பா, உள்ளதச் சொன்னான் பாரு!" என்று கைலாசம் அவன் தோளைத் தட்டினார்.

யேசுதாஸ் தூண் ஓரமாக நின்று பார்த்தான். ஓடினவன் இவன், உண்மையைச் சொன்னதற்குக் கைதட்டல் அவனுக்கு. பட்டப்பேர்கூட அவனுக்குத்தான் கிடைத்தது. ஊர் ஆசையாக வைக்கிற பேர், சாகிற வரைக்கும் நிற்கிற பேர். அதன் மேலேயும் இவனுக்குப் பொறாமை வந்தது. கூட்டத்து நடுவிலிருந்து ஸ்ரீபாலன் எட்டிப் பார்த்துக் கை ஆட்டினான். யேசுதாசும் ஆட்டினான், இடது கையை.

பட்டம்மாள் வந்து அவன் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையார்பாளையம் வழியாக நடந்தார்கள். பிடியை விடவே இல்லை. நெசவுத் தெரு தாண்டினதும் பட்டம்மாள் கேட்டாள்.

"ஓடனதும் நீதான், தொரத்தனதும் நீதானா?"

"ஆமாம்மா."

"புடிச்சது?"

"அது அவன்."

"அதான பாத்தேன்." வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். "ஓடறதுக்கும் நம்ம காலு, தொரத்தறதுக்கும் நம்ம காலு. புடிச்ச பேரு மட்டும் நயினாருக்கு."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"ஆனா ஒண்ணுடா. காக்கி உனக்குத்தான் எடுப்பா இருந்துச்சு. அவனுக்கு ஆணியில மாட்டன மாரி தோள்ல தொங்குது."

யேசுதாஸ் நின்றுவிட்டான். "நெசமாவாம்மா?"

"பின்ன பொய்யா சொல்றேன்? தொங்குதுடா அவனுக்கு."

"நல்லாவே தொங்குதா?"

"தொங்குதுன்றேன்ல."

ஆற்றங்கரை வருகிறதுக்குள் அதை இன்னும் மூணு தடவை அவள் வாயால் சொல்ல வைத்தான்.